தண்ணீர் குடிக்காமை மறதியா? ஒரு மறுப்பு

சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார், தன் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு முன்னர், பிறர் கொள்கைகளை எடுத்துரைத்து மறுக்கும் பரபக்கத்தை வைத்துள்ளது. மறுக்கப்படும் கருத்தைக் குறைக்காமல் முதலில் சொல்லிவிட வேண்டும் என்னும் அந்த ஒழுங்கு, தண்ணீர் குடிப்பது பற்றி இன்று வழங்கும் பொதுக்கருத்தை ஆராய்வதற்கும் பொருந்தும். அக்கருத்து மூன்று கூறுகளை உடையது. உடல்நலம் உள்ள எவரும் நாளொன்றுக்கு எட்டு டம்ளர், அல்லது மூன்று லிட்டர், தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பது முதற்கூறு. அந்த அளவை எட்டாதவர்கள் மறதியாலும் சோம்பலாலும் வேலை மும்முரத்தாலும் எட்டாமல் போகிறார்கள் என்பது இரண்டாவது. ஆகவே மன உறுதி, இருபத்தொரு நாள் பயிற்சி, மணிக்கொரு முறை நினைவூட்டும் கைப்பேசிச் செயலி, கோடு போட்ட பாட்டில் ஆகியவற்றால் இக்குறை தீர்ந்துவிடும் என்பது மூன்றாவது. மருத்துவமனைச் சுவரொட்டி, வார இதழின் மருத்துவப் பக்கம், காலையில் வரும் வாட்ஸப் அறிவுரை, வீட்டுப் பெரியவர்களின் கண்டிப்பு ஆகிய நான்கிலும் சொல் மாறினாலும் பொருள் மாறாமல் ஒலிப்பது இதுவே.

இம்மூன்று கூறுகளும் மூன்று வகையில் பிழைபட்டவை. முதலாவது, ஒரு பரிந்துரையைப் பாதியில் படித்து நிறுத்தியதால் விளைந்தது. இரண்டாவது, காரணத்தை இடம் மாற்றிக் காட்டுவது. மூன்றாவது, அந்தத் தவறான காரணத்துக்கு எழுதப்பட்ட மருந்து. தண்ணீர் குடிக்காமை என்பது பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஒரு பழக்கத்தின் இன்மையே அன்று. அதுவே நெடுங்காலம் பழகிக் கைவந்த ஒரு பழக்கம். அதை அவர்களுக்குப் பழக்கியவை அவர்கள் படித்த பள்ளிகளும் நின்று வேலை செய்த கடைகளும் ஏறிப் போன பேருந்துகளும் ஆகும். இக்கருத்தை நிறுவுவதற்கு முன் எண்ணின் கதையைப் பார்த்துவிடுவது நல்லது.

எட்டு டம்ளர் என்னும் கணக்குக்கு மூலமாகப் பெரும்பாலும் சுட்டப்படுவது, 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட ஒரு பரிந்துரை. உண்ணும் உணவின் ஒவ்வொரு கலோரிக்கும் ஒரு மில்லிலிட்டர் நீர் என்னும் விகிதத்தில், பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.5 லிட்டர் நீர் தேவை என்று அது கூறியது. ஆனால் அந்த நீரின் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே அடங்கியிருக்கிறது என்றும் அதே இடத்தில் அது சேர்த்துச் சொல்லியிருந்தது. முதல் வாக்கியம் உலகம் சுற்றியது. அதைத் தொடர்ந்த வாக்கியம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. சிறுநீரக உடலியல் அறிஞர் ஹைன்ஸ் வால்டின் 2002இல் இந்த எண்ணுக்கான அறிவியல் சான்றைத் தேடி ஆராய்ந்து, மிதமான தட்பவெப்பத்தில் கடும் உடலுழைப்பு இன்றி வாழும் நலமுள்ள பெரியவர்களுக்கு அப்படி ஒரு கட்டாய அளவை நிறுவும் சான்று எதுவும் இல்லை என்று எழுதினார். 2004இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஆண்களுக்கு 3.7 லிட்டர், பெண்களுக்கு 2.7 லிட்டர் என்று குறித்தபோதும், அது உணவிலும் பானங்களிலும் உள்ள நீர் அனைத்தையும் சேர்த்த கணக்கு என்பதையும், நலமுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் தாகத்தின் வழிநடந்தே தேவையை நிறைவு செய்துகொள்கிறார்கள் என்பதையும் தெளிவாகச் சொன்னது.

ஒரே எண் எல்லோருக்கும் பொருந்தாது என்பதை 2022ஆம் ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு மேலும் உறுதிப்படுத்தியது. பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் தொண்ணூற்றாறு வயது முதியவர் வரை, 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரின் உடலில் ஒரு நாளில் எவ்வளவு நீர் உள்வந்து வெளியேறுகிறது என்பதை அளந்த அந்த ஆய்வு, வயது, உடலமைப்பு, உழைப்பு, வெப்பம், ஈரப்பதம், வாழ்நிலை ஆகியவற்றுக்கேற்ப அளவு பெரிதும் மாறுவதைக் காட்டியது. உணவும் அந்தக் கணக்கில் சேரும். வெந்த சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீர். ரசமும் மோரும் பெரும்பாலும் நீரே. பழைய சோற்றை நீராகாரத்தோடும் கேழ்வரகுக் கூழை மோரோடும் கரைத்துக் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர் டம்ளர்க் கணக்கில் எதையும் குடிக்காமலேயே கணிசமான நீரை உட்கொண்டிருப்பார். இரண்டு துண்டு ரொட்டியைக் காலையுணவாகக் கொள்பவருக்கும் அவருக்கும் ஒரே எட்டு டம்ளர் என்பது, இருவர் காலுக்கும் ஒரே அளவுச் செருப்பு என்பதைப் போன்றது.

எண்ணைக் காப்பாற்ற விரும்புவோர் இங்கே தாகத்தின் மீது பழி போடுவர். தாகம் எடுக்கும்போதே உடல் வறண்டு முடிந்துவிடுகிறது, ஆகவே தாகத்துக்காகக் காத்திருக்கலாகாது என்பது அவர்களின் வாதம். உடலியல் சொல்வது வேறு. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் எனப்படும் பகுதிக்கு அருகே, குருதியின் உப்புச் செறிவை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும் உயிரணுக்கள் உள்ளன. அச்செறிவு ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு ஏறினாலே இரண்டு செயல்கள் தொடங்குகின்றன: தாகம் எழுகிறது, அதோடு வாசோபிரெசின் என்னும் இயக்குநீர் சுரந்து, சிறுநீரகத்தை நீரைச் சேமிக்கச் செய்கிறது. மருத்துவர்கள் நீரிழப்பு என்று குறிப்பிடும் நிலை, அச்செறிவு ஐந்து விழுக்காடு அளவுக்கு ஏறிய பிறகே வருவது என்று வால்டின் எடுத்துக்காட்டினார். நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியே விட்டு எஞ்சியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளும் உறுப்பு சிறுநீரகம். நீர் குறைந்தால் அந்த ஒன்றரையை அரை லிட்டர் அளவுக்கும் சுருக்கிவிட அதனால் முடியும். இத்தகைய காவல் அமைப்பைத் தாமதக்காரன் என்று பழிப்பது பொருந்தாது.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. முதுமையில் தாக உணர்வு மங்குகிறது என்பதை 1984ஆம் ஆண்டிலேயே ஆய்வுகள் காட்டின. ஆகவே முதியவருக்குக் கேளாமலேயே தண்ணீர் எடுத்துத் தருவது தேவையான செயல். கைக்குழந்தையால் கேட்க முடியாது. கடும் வெயிலில் உழைப்பவர் இழக்கும் வியர்வையின் வேகத்துக்குத் தாகம் ஈடுகொடுக்காமல் போகலாம். மறுபுறம், தாகத்தை மீறி அளவுக்கு அதிகமாகக் குடிப்பதும் தீங்கற்றதன்று. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்தவர்களுள் 488 பேரின் குருதியை ஆராய்ந்தபோது, 13 விழுக்காட்டினரிடம் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது கண்டறியப்பட்டது. ஓடும்போது மிகையாகக் குடித்து, தொடங்கியபோது இருந்ததைவிட எடை கூடியிருந்ததே அதோடு வலுவாக இணைந்திருந்த காரணம். நிறையக் குடி என்பது எவருக்கும் எப்போதும் தீங்கில்லாத அறிவுரை என்னும் எண்ணமும் இதனால் தளர்கிறது.

தாகமே போதும் என்றால் நாட்டில் குறையே இல்லை, பேச்சை இத்தோடு முடித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். குறை உண்டு, அது கற்பனையன்று. சிறுநீரகக் கல் ஒருமுறை வந்தவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த இத்தாலிய ஆய்வொன்று, 1996இல் தன் முடிவுகளை வெளியிட்டபோது, நிறையத் தண்ணீர் குடித்த குழுவில் 12 விழுக்காட்டினருக்கும் குடிக்காத குழுவில் 27 விழுக்காட்டினருக்கும் கல் மீண்டும் வந்ததைக் காட்டியது. அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகி, குறைவாக நீர் அருந்தும் வழக்கமுடைய 140 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வில், நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும் மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. கோடை வந்தால் வீடுதோறும் பேசப்படும் நீர்க்கடுப்பு இந்த உண்மையின் நாட்டு வடிவம். ஆகவே உடல் கேட்கும் அளவுக்கும் குறைவாகக் குடிப்போர் பலர் இருக்கிறார்கள் என்பது உறுதி. அவர்களுக்குத் தாகம் எடுப்பதில்லையா, எடுத்தும் மறந்துவிடுகிறார்களா, அல்லது எடுத்ததைத் தெரிந்தே மறுக்கிறார்களா என்பதுதான் வினா. மறதி என்னும் விடை, இந்த மூன்றாவது வாய்ப்பைப் பார்க்காமலேயே சொல்லப்படுவது.

பள்ளி மாணவி ஒருத்தியின் தண்ணீர் பாட்டிலைக் கருதிப் பார்க்கலாம். காலையில் நிரப்பிக் கொடுத்தது மாலையில் கழுத்து வரை நிரம்பியபடியே வீடு திரும்புகிறது. மூடியைத் திறந்து பார்க்கும் தாய், மறந்துவிட்டாயா என்று கடிந்துகொள்கிறாள்; பொதுக்கருத்தும் அந்தத் தாயின் பக்கமே நிற்கிறது. ஆனால் அதே மாணவி வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கழிப்பறைக்கு ஓடுகிறாள்; வெளியே வந்ததும் சொம்போடு தண்ணீரை எடுத்து மூச்சுவிடாமல் குடிக்கிறாள். இந்த வரிசையில் மறதிக்கு இடமே இல்லை. பள்ளிக் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது, வாளியில் தண்ணீர் இல்லை, இடைவேளைப் பத்து நிமிடத்தில் வரிசை நகர்வதில்லை, வகுப்பின் நடுவே எழுந்து கேட்டால் மற்றவர் சிரிக்கிறார்கள் என்னும் நான்கு செய்திகளையும் வைத்து அவள் காலையிலேயே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறாள். மாதவிடாய் நாள்களில் அந்தக் கணக்கு இன்னும் இறுகுகிறது. பாட்டில் நிரம்பியிருப்பது அக்கணக்கின் விடை.

பள்ளியை விட்டு வெளியே வந்தபின்னும் கணக்கு முடிவதில்லை. பல மாடி ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கும் பெண்ணுக்குக் கழிப்பறை வேறொரு தளத்தில் இருக்கும். போய்வர மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். பண்டிகைக் கூட்டத்தில் அந்த ஒப்புதல் எளிதில் கிடைப்பதில்லை. தெருவில் பாதுகாப்புப் பணிக்கு நிறுத்தப்படும் பெண் காவலர், வீதி வீதியாகக் குப்பை எடுக்கும் தூய்மைப் பணியாளர், தலைச்சுமையாகக் காய் விற்பவர் ஆகியோருக்குப் பணியிடம் என்பதே ஒரு கட்டடம் அன்று. இரவுப் பேருந்தில் தொலைதூரம் செல்லும் பெண், புறப்படும் நாளின் பிற்பகலிலேயே தண்ணீரை நிறுத்திவிடுகிறார். பேருந்து எந்த மோட்டலில் நிற்கும், அங்கே கழிப்பறை எந்த நிலையில் இருக்கும் என்பது ஓட்டுநருக்கே விட்டுவிடப்பட்ட செய்தி. பேருந்து நிலையத்திலோ பாட்டில் தண்ணீருக்கு ஒரு விலை, கட்டணக் கழிப்பிடத்துக்கு ஒரு விலை என்று, குடிக்கவும் காசு, கழிக்கவும் காசு. ஆண் ஒருவர் சாலையோரத்தில் ஒதுங்கிவிடலாம் என்னும் ஒழுங்கீனத்தை ஊர் பொறுத்துக்கொள்வதால், இந்தக் கணக்கின் சுமை பெரும்பாலும் பெண்ணின் தலையிலேயே விழுகிறது. வாயில் புகும் நீரைப் பற்றி ஓயாமல் பேசும் அறிவுரை, அந்த நீர் வெளியேற வேண்டிய இடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்துவிடுகிறது.

பழக்கம் பற்றிய ஆய்வுகளே இங்கு மறுப்புக்குத் துணை வருகின்றன. இருபத்தொரு நாளில் எப்பழக்கமும் படிந்துவிடும் என்னும் நம்பிக்கை, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் ஒட்டறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூலிலிருந்து பரவியது. அறுவைக்குப் பின் தம் புதிய தோற்றத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது அத்தனை நாள் ஆகிறது என்று அவர் கவனித்ததே அதன் அடிப்படை. பழக்கம் படியும் காலத்தை முறையாக அளந்தது, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரிடம் நடத்திய ஆய்வு. காலை உணவுக்குப் பின் ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்களைப் பங்கேற்றோர் பன்னிரண்டு வாரம் பழகினர். செயல் தன்னியல்பாக மாறுவதற்கு ஆகும் என்று அதிலிருந்து கணிக்கப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 66 நாள், எல்லைகளோ 18 நாள் முதல் 254 நாள் வரை. ஒரு நாள் தவறிவிட்டால் எல்லாம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதில் தெரிந்தது. அந்த ஆய்வின் உயிர்நாடி எண்ணில் இல்லை. ஒரே சூழலில், ஒரே குறிப்பைத் தொடர்ந்து, ஒரு செயல் திரும்பத் திரும்ப நிகழும்போதே பழக்கம் படிகிறது என்னும் கோட்பாட்டில்தான் அது இருக்கிறது. குறிப்பு என்பது ‘இப்போது இதைச் செய்’ என்று சொல்லாமல் சொல்லும் நேரமோ இடமோ முந்திய செயலோ ஆகும்.

இந்தக் கோட்பாட்டை அந்த மாணவியின் மீது பொருத்திப் பார்த்தால், அவளுக்குப் பழக்கம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பள்ளி வாயில் என்னும் குறிப்பு, குடிக்காமை என்னும் செயல், அடக்க வேண்டிய தொல்லை வராமல் தப்பித்த நிம்மதி என்னும் பயன் ஆகிய மூன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு நாள், பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கின்றன. உடலும் இதற்கு ஒத்துழைத்துவிடுகிறது: நீர் குறையும்போது வாசோபிரெசின் சிறுநீரைச் சுருக்கிவிடுவதால், அவள் போட்ட கணக்கு நாள்தோறும் பலித்துவிடுகிறது, பலிக்கும் கணக்கை யாரும் கைவிடுவதில்லை. பிற்காலத்தில் அவள் கழிப்பறை பக்கத்திலேயே இருக்கும் அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தாலும், வாசலைத் தாண்டியதும் தண்ணீரை விலக்கும் கை பழையபடியே விலக்கும். அப்போது அவளைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது காரணமற்ற மறதியாகத் தெரியும். காரணம் இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் உடைந்த தாழ்ப்பாளில் இருந்தது தெரியாது. அறுபத்தாறு நாளில் ஒரு பழக்கம் படியும் என்றால், பன்னிரண்டு ஆண்டில் படிந்ததை மணியடிக்கும் செயலி ஒன்றால் பெயர்த்துவிடலாம் என்று எதிர்பார்ப்பது அந்த ஆய்வுக்கே மாறானது.

வெயிலில் உழைப்போரிடம் இதே கணக்கின் விலை சிறுநீரகத்தின் மீதே விழுகிறது. தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் ஆகிய கடற்கரைகளின் உப்பளங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்பாத்திகளும் வரப்புகளுமே உண்டு. மறைவுக்கு ஒரு மரமோ சுவரோ இல்லாத அந்தச் சமவெளியில், விடியும் முன்பே இறங்கும் பெண்கள் வெயில் ஏறிய பின்னும் தலையில் உப்பைச் சுமந்து நடக்கிறார்கள். சென்னையிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வெப்பம் மிகுந்த பணியிடங்களில் வேலை செய்யும் பெண்களையும் உப்பளத் தொழிலாளர்களையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து, வெப்ப அழுத்தம், கழிப்பறை இன்மை, சிறுநீர்த் தொல்லைகள், சிறுநீரகச் செயல்திறன் குறைவு ஆகியவற்றை ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டிய தேவையை எடுத்துக்காட்டியுள்ளனர். நடு அமெரிக்காவில், எல் சால்வடார், நிகரகுவா ஆகிய நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையே, நீரிழிவோ மிகை இரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் பழுதுபடும் நோய் பரவியபோது, அங்கு கைக்கொள்ளப்பட்ட திட்டத்தின் பெயர் ‘நீர், ஓய்வு, நிழல்’ என்பது. நீர் அதில் மூன்றில் ஒன்று மட்டுமே. ஓய்வு வேளைகளும் நிழலும் கூட்டப்பட்டபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. வெட்டும் கரும்பின் எடைக்குக் கூலி வாங்குபவரிடம் தண்ணீரை மறவாதீர் என்று சொன்னால் போதாது, குடிப்பதற்கு நிற்கும் நேரம் கூலியை விழுங்காமலும் இருக்க வேண்டும் என்பது அத்திட்டத்தால் தெளிவாகிறது.

சட்டம் இதை அறியாததன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 18ஆம் பிரிவில், குடிநீர் வைக்கும் இடத்தில் ‘குடிநீர்’ என்று தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்றும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றும், குடிநீர் இடம் கழிப்பிடத்திலிருந்து ஆறு மீட்டருக்குள் அமையலாகாது என்றும் விதித்தது. 19ஆம் பிரிவு, பணிநேரம் முழுவதும் அணுகத்தக்க இடத்தில் கழிப்பறை இருக்க வேண்டும் என்றது. தூய்மை கருதி இரண்டுக்கும் இடையே குறைந்தபட்சத் தூரத்தைச் சட்டம் மீட்டர்க் கணக்கில் சொன்னது. உடலுக்கு வேண்டியதோ அதிகபட்சத் தூரம் எவ்வளவு என்னும் வரையறை, அதுவும் தொழிற்சாலை மதிலுக்கு வெளியே வேலை செய்பவருக்கும் சேர்த்து. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களின் போராட்டம் கழிப்பறைக் கோரிக்கையிலிருந்து வளர்ந்ததே. அது பின்னர் உட்காரும் உரிமைக்கான போராட்டமாக விரிந்து, 2018இல் அம்மாநிலச் சட்டத்தில் திருத்தமாக ஏறியது. தமிழ்நாடும் 2021இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் உட்கார இருக்கை தரப்பட வேண்டும் என்று விதித்தது. நின்று களைத்துப்போவது தங்கள் பலவீனம் அன்று, இருக்கை இல்லாததன் விளைவு என்று அப்பெண்கள் கண்டுகொண்டதைப் போலவே, குடிக்காமையையும் ஊர் கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்கு மறுப்பாக ஒரு நியாயமான கேள்வி எழும். குளிரூட்டிய அலுவலகத்தில், மேசை மேல் தண்ணீரும் நடைதூரத்தில் கழிப்பறையும் இருந்தும் மாலை வரை ஒரு வாய் குடிக்காதவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இடத்தைக் குறை சொல்ல முடியுமா என்பது அக்கேள்வி. அத்தகையோர் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவர்களுள் ஒரு பகுதியினர் மேலே சொன்ன மாணவியே வளர்ந்து வந்தவர் என்பதை மறக்கலாகாது. எஞ்சியோருள் பலர், குளிர்ந்த அறையில் வியர்வை குறைந்ததாலும் தேநீரும் குழம்பும் மோரும் நீரைத் தந்துவிடுவதாலும் தாகம் எழாதவர்கள். உடல் கேட்காததைக் கொடுக்கவில்லை என்று அவர்களைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே கூடுதலாகக் குடிக்க வேண்டியவருக்கும், அதாவது கல் வந்தவருக்கும் அடிக்கடி தொற்று வருபவருக்கும், மன உறுதியைவிட இடமே நன்றாகக் கைகொடுக்கிறது.

இதை மெய்ப்பிக்கும் பழைய ஏற்பாடுகள் தமிழ் வீடுகளிலேயே இருந்தன. இலை போடும்போதே அதன் அருகே தண்ணீர் டம்ளரும் வந்துவிடும். உண்பவர் கேட்பதற்கு இடமே இல்லை. வாசலில் கால் வைத்த விருந்தினருக்கு நலம் விசாரிக்கும் முன் சொம்பு நீட்டப்படும். கோடையில் தெருமுனைத் தண்ணீர்ப் பந்தலில் பானையும் நீர்மோரும் வழிப்போக்கரை நிறுத்திக் குடிக்க வைக்கும். இவற்றில் எவருடைய மன உறுதிக்கும் வேலை இல்லை, எவரும் டம்ளரை எண்ணியதும் இல்லை. உணவு, வரவு, நடை என்னும் அன்றாட நிகழ்ச்சிகளே குறிப்புகளாக நின்று குடிப்பதைத் தாமே நடத்தி வைத்தன. லாலியின் குழுவினர் ஆய்வில் கண்ட நெறி, இங்கே வழக்காகவே நடந்து வந்தது. எனினும் அந்த வழக்கைப் போற்றுவோர் அதன் குறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது குடிப்பதற்கு வழி செய்ததே அன்றி, பெண்ணுக்கு மறைவிடம் செய்து தரவில்லை. இருள் கவியும் வரை அடக்கிக்கொண்டிருந்த தலைமுறைகளின் பெண்களும் அதே சொம்பிலிருந்துதான், அளந்து, குடித்தார்கள்.

பள்ளிகளில் அடிக்கப்படும் தண்ணீர் மணி இந்த இரண்டு பாடங்களுக்கும் நடுவில் நிற்கிறது. 2019இல் கேரளப் பள்ளிகளிலிருந்து பரவிய இந்த ஏற்பாடு, 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. குறித்த வேளைகளில் மணி ஒலித்ததும் வகுப்பே சேர்ந்து தண்ணீர் குடிக்கிறது. தனி ஒருத்தியின் மறதியைத் திருத்தாமல் ஒரு பொதுக்குறிப்பை ஏற்படுத்துவதாலும், குடிப்பதற்கென நேரத்தை ஒதுக்குவதாலும், இது மணியடிக்கும் செயலியைவிடப் பல மடங்கு அறிவார்ந்தது. ஆனால் ஆறாம் வகுப்பு மாணவி அந்த மணிக்குக் கட்டுப்பட்டு அரை டம்ளர் குடித்தால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அவள் உடல் அடுத்த மணியைத் தானே அடிக்கும். அந்த வேளையில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் குழாயில் நீரும் ஆசிரியரின் தலையசைப்பும் கிடைத்தால், தண்ணீர் மணி பழக்கமாகப் படியும். கிடைக்காவிட்டால், வாயில் வைத்து எடுத்துவிட்டுக் குடித்ததாகக் காட்டும் கலையை அவள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வாள். உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டிலேயே எல்லாப் பள்ளிகளிலும் குடிநீரும், ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறைகளும் அமைக்க ஆணையிட்டபோது, இரண்டையும் சேர்த்தே சொன்னது கருதத்தக்கது.

ஆகவே பரபக்கத்தின் மூன்று கூறுகளுக்கும் விடை இவ்வாறு அமைகிறது: அளவு ஒன்றன்று, குறைவுக்குக் காரணம் பலரிடத்தில் மறதியன்று, தீர்வைத் தனியாள் ஒருவரின் உறுதியில் மட்டும் தேடுவது பயனற்றது. நீர்க்கடுப்போடு வந்து மருத்துவரின் எதிரே அமரும் பெண்ணிடம், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறீர்கள் என்று கேட்பது வழக்கம். அதற்கு அவர் தலைகுனிந்து ஓர் எண்ணைச் சொல்வார். சீட்டில் ‘நிறையத் தண்ணீர் குடிக்கவும்’ என்று எழுதப்படும். அடுத்த கோடையில் அவர் மீண்டும் வருவார். வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது, போக யாரிடம் கேட்க வேண்டும், கதவு பூட்டுமா என்று கேட்டால், அவர் தலைநிமிர்ந்து பதில் சொல்வார். அந்தப் பதிலை எழுதுவதற்குச் சீட்டில் இப்போது இடமில்லை.